ஷெர்ரி, போர்ட், மடெய்ரா பீப்பாயில் முடித்த சிங்கிள் மால்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் விமான நிலையக் கடையில் ஒரு சிங்கிள் மால்ட் பாட்டிலை (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி) வாங்கிவிட்டு, அதில் 'போர்ட் காஸ்க் ஃபினிஷ்' என்றோ 'ஒலரோசோ ஃபினிஷ்' என்றோ போட்டிருப்பதைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார்கள். கூடவே ஒரு கேள்வி வரும். பத்துப் பதினைந்து கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துப்போய் இங்கே மொத்தமாக எழுதிவிட்டேன்.

ஃபினிஷ் என்றால் விழுங்கிய பிறகு வாயில் நிற்கும் சுவைதானே?

அதுவும் ஃபினிஷ்தான், இதுவும் ஃபினிஷ்தான். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. ஒரு பீப்பாயில் பல ஆண்டுகள் கிடந்த விஸ்கியைக் கடைசிக் காலத்தில் வேறொரு பீப்பாய்க்கு மாற்றி, சில மாதமோ சில ஆண்டோ வைத்து எடுப்பதற்கும் ஃபினிஷ் என்றே பெயர். இந்தப் பக்கத்தில் ஃபினிஷ் என்று நான் எழுதுவது இந்த இரண்டாவது பொருளில். வாயில் நிற்பதைப் பின்சுவை என்று சொல்லிக்கொள்வோம்.

முதல் பீப்பாய் பெரும்பாலும் பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய். பர்பனை உட்புறம் கரித்த புது ஓக்கில்தான் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்கு மறுபடி ஆகாது. அந்த 200 லிட்டர் பீப்பாய்கள்தான் கப்பலேறி ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. அவை தரும் வாசனை வனிலா, தேன், கொஞ்சம் தேங்காய். அதன் மேல், ஷெர்ரி, போர்ட், மடெய்ரா போன்ற வீரியம் கூட்டிய ஒயின் இருந்த இரண்டாவது பீப்பாய் தன் கைவரிசையைக் காட்டுகிறது.

மக்காலன், கிளென்ட்ரோனக் போன்ற ஸ்காட்லாந்து வடிசாலைகளின் புகழ்பெற்ற ஷெர்ரி மால்ட்கள் இந்தக் கணக்கில் வராது. அவை தொடக்கம் முதலே ஷெர்ரி பீப்பாயில் வளர்ந்தவை. பிறந்து வளர்ந்த ஊருக்கும் கல்யாணம் ஆகிப் போன ஊருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

வீரியம் கூட்டிய ஒயின் என்கிறீர்களே, அது என்ன?

ஒயினில் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்துப் போதையின் அளவை ஏற்றியது. எப்போது சேர்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

போர்ட், போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளைவது. திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீதச் சாராயத்தை ஊற்றிவிடுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதனால்தான் போர்ட் இனிப்பு.

ஷெர்ரி, ஸ்பெயினின் ஹெரேஸ் வட்டாரத்துச் சரக்கு. இதில் ஒயின் முழுதாகப் புளித்து முடிந்த பிறகே சாராயம் சேரும். எனவே ஃபினோ, ஒலரோசோ என்ற ஷெர்ரி வகைகள் இயல்பில் இனிப்பே இல்லாதவை. ஷெர்ரி என்றாலே பாட்டி குடிக்கும் இனிப்புப் பானம் என்ற நினைப்பு இங்கிலாந்துக்கு அனுப்பிய இனிப்பூட்டிய வகைகளால் வந்தது. பெத்ரோ ஹிமெனெஸ் இதற்கு விதிவிலக்கு. சுருக்கமாகப் பி.எக்ஸ். அந்தத் திராட்சையைப் பறித்து வெயிலில் பாயில் உலர்த்திவிட்டுப் பிழிகிறார்கள். லிட்டருக்குக் குறைந்தது 212 கிராம் சர்க்கரை, கருப்பட்டிப் பாகு போலக் கிளாஸில் ஒட்டும்.

மடெய்ரா, அட்லாண்டிக் கடலில் உள்ள ஒரு போர்ச்சுகீசியத் தீவு. அங்கே ஒயினை வேண்டுமென்றே சூடாக்குகிறார்கள். ஒரு காலத்தில் வெப்பமண்டலக் கடல்களைத் தாண்டி இந்தியா வரை கப்பலில் போய்த் திரும்பிய பீப்பாய்களில் இருந்தது கெடாமல் இன்னும் ருசியாகிவிட்டதைப் பார்த்துக் கற்ற வித்தை. இப்போது கப்பல் பயணம் கிடையாது. சூடேற்றும் தொட்டியும், வெயில் விழும் பரணும் அந்த வேலையைச் செய்கின்றன.

மர்சாலா சிசிலித் தீவைச் சேர்ந்தது. விஸ்கி உலகில் அவ்வளவாகத் தென்படாது.

அந்த ஷெர்ரி பீப்பாயில் நிஜமாகவே ஷெர்ரி இருந்ததா?

இருந்தது. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதையே இதுதான்.

பழைய காலத்தில் ஷெர்ரி பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலில் வரும். அங்கே பாட்டிலில் அடைப்பார்கள். காலிப் பீப்பாயைத் திருப்பி அனுப்புவது கட்டுப்படியாகாது. பக்கத்திலேயே விஸ்கிக்காரர்கள் பீப்பாய்க்கு அலைந்துகொண்டிருந்தார்கள். மலிவாகக் கிடைத்தது, ருசியும் தந்தது. அப்படி ஒட்டிக்கொண்ட உறவு அது. 1980களில் ஷெர்ரியை விளையும் இடத்திலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்ற நிலை வந்ததும் அந்த வழி அடைபட்டது.

நடுவில் குறுக்குவழி ஒன்றும் இருந்தது. பாக்ஸரெட் என்ற கருத்த, கெட்டியான இனிப்பு ஒயினை அழுத்தம் கொடுத்துப் பழைய பீப்பாயின் மரத்துக்குள் ஏற்றிவிடுவார்கள். 1990 வாக்கில் அதற்கும் தடை வந்தது.

இப்போது நடப்பது பழக்குதல். விஸ்கி நிறுவனமே ஓக் மரத்துக்குச் சொல்லி, ஹெரேஸில் புதுப் பீப்பாய் கட்டவைத்து, அதில் ஒலரோசோவையோ பி.எக்ஸையோ ஓராண்டு, ஒன்றரை, இரண்டு ஆண்டு ஊற்றி வைக்கிறது. அப்புறம் ஒயினை வெளியேற்றிவிட்டுப் பீப்பாய் ஸ்காட்லாந்துக்குப் போகிறது. அந்த ஒயின் யார் மேசைக்கும் ஷெர்ரியாகப் போவதில்லை. சில சுற்று பயன்பட்ட பின் வினிகராகவோ பிராந்தியாகவோ மாறிவிடும். நம் வீட்டில் புது மண்சட்டி வாங்கினால் அரிசி கழுவிய தண்ணீரையும் கஞ்சியையும் ஊற்றி வைத்துப் பழக்குவோமே, அதே சங்கதி. கஞ்சியைக் குடிப்பதற்காக வைப்பதில்லை.

இது ஏமாற்று வேலையா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹெரேஸ் கிடங்குகளில் பல பத்தாண்டு கிடக்கும் உண்மையான சோலெரா பீப்பாய்களின் (ஷெர்ரியை அடுக்கடுக்காகக் கலந்து முதிரவைப்பவை) மரத்தில் கொடுக்கச் சத்து எதுவும் பாக்கியில்லை. விஸ்கிக்குச் சுவை தருவது ஒயின் பாதி, இன்னும் உயிர் போகாத மரம் பாதி. ஐரோப்பிய ஓக்கில் கட்டிய பீப்பாய் கிராம்பு வாசனையையும் துவர்ப்பையும் தானாகவே தரும். நாம் 'ஷெர்ரி வாசனை' என்று சொல்வதில் கணிசமான பகுதி மரத்தின் வாசனைதான்.

இப்படிப் பீப்பாய் மாற்றி ஃபினிஷ் செய்வதை முதலில் செய்தது யார்?

தற்செயலாக எல்லாரும் செய்திருப்பார்கள். ஒரு பாணியாகத் திட்டமிட்டு நிலைநிறுத்தியதில் இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். பால்வெனி வடிசாலையின் டேவிட் ஸ்டூவர்ட் 1980களின் தொடக்கத்தில் பர்பன் பீப்பாய் விஸ்கியை ஷெர்ரி பீப்பாய்க்கு மாற்றிச் சோதித்தார். அதிலிருந்து வளர்ந்துதான் 1993-இல் 'டபுள்வுட் 12' வந்தது. இன்றும் கடையில் கிடைக்கிறது. கிளென்மோரஞ்சியில் பில் லம்ஸ்டென் இதையே ஒரு குடும்பமாக விரித்தார். இன்று அங்கே 'லாசன்டா' ஷெர்ரிக்கு, 'கின்டா ரூபன்' போர்ட்டுக்கு.

ஒயின் ஊறிய பீப்பாயில் வைப்பது கலப்படம் இல்லையா?

இல்லை. 2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகள்படி விஸ்கியில் சேர்க்க அனுமதி உள்ளவை தண்ணீரும், நிறத்துக்காகச் சாதாரண கருக்கிய சர்க்கரை நிறமியும் மட்டுமே. ஒயினை ஒரு கரண்டி ஊற்றினாலும் அது ஸ்காட்ச் கிடையாது. ஆனால் 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்பதில் விதி கொஞ்சம் தாராளமானது. ஈரமாக வந்த பீப்பாயின் மரத்துக்குள் சில லிட்டர் ஒயின் ஊறிக் கிடக்கும். அது விஸ்கியில் இறங்கத்தான் செய்யும். சட்டம் இதைப் பார்த்தும் பார்க்காமல் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

லேபிளில் உள்ள வயதில் ஃபினிஷ் காலமும் சேருமா?

சேரும். ஓக்கில் கிடந்த மொத்தக் காலம்தான் வயது. கலவையில் ஆக இளையது எதுவோ அதன் வயதைத்தான் போட வேண்டும்.

எப்படிக் குடிப்பது? ஏதாவது முறை இருக்கிறதா?

சடங்கு எதுவும் வேண்டாம், சில பழக்கங்கள் போதும்.

கீழே அகன்று மேலே குறுகும் கிளாஸ் வேண்டும். 2001-இல் வந்த கிளென்கேர்ன் கிளாஸ் இப்போது எங்கும் பரவிவிட்டது. அது இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். நம் ஊர் வாயகன்ற டம்ளரில் வாசனை நாலாபக்கமும் ஓடிவிடும். 20 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். 'பெக்' கணக்கை இன்றைக்கு மறந்துவிடுங்கள்.

ஊற்றியதும் மூக்கை உள்ளே விடக் கூடாது. ஒலரோசோ, போர்ட் ஃபினிஷ்கள் திறந்தவுடன் முரட்டுத்தனமாக இருக்கும். பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கிளாஸை முகவாய் உயரத்தில் பிடித்து, வாயைச் சற்றே திறந்துகொண்டு முகருங்கள். வாய் மூடியிருந்தால் சாராய நெடி மட்டும்தான் ஏறும். ஒரு மூக்குத் துவாரம் மற்றதைவிடக் கூர்மையாக இருக்கும், மாற்றி மாற்றிப் பாருங்கள்.

முதல் மடக்கு கணக்கில் இல்லை. அது நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவதை ஐந்தாறு நொடி வாயில் வைத்து, ஈறு வரை பரவ விட்டு விழுங்குங்கள். விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். ஒயின் பீப்பாய் தன் பெயரைச் சொல்லும் இடம் அதுதான்.

அந்தச் சமயத்தில் மனதுக்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பார்லி எங்கே? பிஸ்கட், தவிடு, வறுத்த தானியம், தேன் என்று மால்ட்டின் சுவடு எங்காவது தட்டுப்படுகிறதா? பட்டால் அது ஃபினிஷ் செய்த விஸ்கி. படவே இல்லையென்றால் நீங்கள் குடிப்பது 46 சதவீத ஒயின். அதுவும் சிலருக்குப் பிடிக்கலாம், எனக்குப் பிடிக்காது.

தண்ணீர் ஊற்றலாமா? ஐஸ்? சோடா?

தண்ணீர் தாராளமாக. முதலில் அப்படியே குடித்துப் பார்த்துவிட்டு, பிறகு சொட்டுச் சொட்டாக. பீப்பாய் வீரியத்திலேயே அடைத்த 55, 60 சதவீதச் சரக்குக்கு ஒரு தேக்கரண்டி கூடப் போகும். 40 சதவீதத்தில் வந்ததற்கு ஏற்கெனவே வேண்டிய மட்டும் ஊற்றிவிட்டார்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக வேதியியலாளர் இருவர் 2017-இல் கணினியில் இதைப் பாவனை செய்து பார்த்தார்கள். விஸ்கியின் புகை வாசனைக்குக் காரணமான குவாயகால் என்ற சேர்மம், நீர் சேர்த்து நீர்க்கும்போது மேற்பரப்புக்கு வந்து நிற்கிறதாம். மூக்குக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது என்று பொருள்.

ஐஸ் வாசனையை அடைத்துவிடும், துவர்ப்பைக் கூட்டிவிடும். போர்ட் ஃபினிஷில் இது நன்றாகவே தெரியும். சோடாவும் கோலாவும் கலந்து குடிப்பவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதற்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

சுவைக் குறிப்புகளில் கிறிஸ்துமஸ் கேக், அத்திப்பழ ஜாம், தோல் நாற்காலி என்று எழுதுகிறார்கள். எனக்கு எதுவுமே தெரியவில்லையே?

எழுதியவருடைய வீட்டுச் சமையலறை அது. அவர் மூக்கு அங்கே பழகியது. உங்கள் மூக்கு வேறெங்கோ பழகியிருக்கிறது, அங்கே தேடுங்கள். மூக்கில் பிரச்சினை ஒன்றுமில்லை, அகராதிதான் தவறு.

நான் பல வருடம் 'ட்ரீகிள்' வாசனையைத் தேடிக்கொண்டிருந்தேன். அது என்னவென்று வாழ்க்கையில் பார்த்ததே கிடையாது. ஒரு நாள் பி.எக்ஸ். ஃபினிஷ் ஒன்றை முகர்ந்தபோது சட்டென்று கருப்பட்டிப் பாகு காய்ச்சும் அடுப்படி ஞாபகம் வந்தது. சரி, இதைத்தான் அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதன்பின் நான் வைத்துக்கொண்ட பட்டியல் இப்படிப் போகிறது. பி.எக்ஸ். என்றால் கருப்பட்டி, விதை நீக்கிய பேரீச்சை, பாயசத்தில் நெய்யில் பொரித்துப் போட்ட உலர் திராட்சை. ஒலரோசோ என்றால் அக்ரூட் பருப்பு, காய்ந்த ஆரஞ்சுத் தோல், கிராம்பு, பாட்டி வீட்டு மரப்பெட்டியைத் திறந்ததும் வரும் காற்று. போர்ட் என்றால் நாவல்பழம்: இனிப்பு, துவர்ப்பு, நாக்கு நுனியில் ஒரு பிடிப்பு எல்லாம் அப்படியே. மடெய்ரா என்றால் இலந்தை வடை. புளிப்பும் வெல்லமும் லேசான காரமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

நல்ல ஷெர்ரி ஃபினிஷ் ஒன்று எனக்குப் பழனிப் பஞ்சாமிர்தத்தையே நினைவூட்டியது. வாழைப்பழம், பேரீச்சை, தேன், ஏலக்காய் எல்லாம் வரிசையாக வந்தன. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

போர்ட் ஃபினிஷ் எல்லாம் இளஞ்சிவப்பாக இருக்குமா? கருப்பாக இருந்தால் நல்லதா?

சிவப்புப் போர்ட் பீப்பாயில் முடித்தவற்றில் ஒரு ரோஜாச் சாயல் இருக்கும், அழகுதான். மற்றபடி நிறத்தை நம்பாதீர்கள். மேலே சொன்ன நிறமியைப் பெரிய நிறுவனங்கள் பலவும் சேர்க்கின்றன. ஜெர்மனியில் விற்கும் பாட்டிலில் நிறம் சேர்த்ததை லேபிளில் எழுதியாக வேண்டும். அதனால் சந்தேகம் வந்தால் நான் ஜெர்மன் கடைகளின் இணையதளத்தில் போய் அந்த லேபிளைப் பார்ப்பேன். கொஞ்சம் துப்பறியும் வேலை.

தீக்குச்சி உரசின மாதிரி வாசனை வருகிறதே, சரக்கு கெட்டுப்போச்சா?

கந்தகம். பயணத்தில் காலிப் பீப்பாய் பூசணம் பிடிக்காமல் இருக்க உள்ளே கந்தகம் கொளுத்தும் வழக்கம் இருந்தது, அதன் மிச்சம். லேசாக இருந்தால் உரசிய தீக்குச்சி. கூடினால் வேகவைத்த முட்டை, ரப்பர். தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலைத் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கொஞ்சம் இருந்தால் பிடிக்கும், இறைச்சிச் சாறு போன்ற ஆழம் தரும். சிலரால் தாங்கவே முடியாது. சிலர் மூக்குக்கு அது தெரியவே தெரியாது, கொடுத்துவைத்தவர்கள். கந்தகம் எல்லாமே பீப்பாயிலிருந்து வருவதும் இல்லை, வடிக்கும்போதே கொஞ்சம் உருவாகும். கிளாஸில் அரைமணி நேரம் விட்டால் பெரும்பாலும் அடங்கும்.

இரண்டாவது பீப்பாயில் எத்தனை மாதம் வைத்தால் நல்லது?

கணக்கு கிடையாது. டபுள்வுட் ஷெர்ரி பீப்பாயில் இருப்பது ஒன்பது மாதம். கின்டா ரூபன் முன்பு 12 வயதில் வந்தபோது பத்து ஆண்டு பர்பன், இரண்டு ஆண்டு போர்ட். இப்போது வரும் 14 வயதில் போர்ட்டில் நான்கு ஆண்டு. கிளென்மோரஞ்சியின் வடிகலங்கள் ஐந்து மீட்டருக்கும் அதிக உயரம். அதில் ஏறி இறங்கி வரும் சாராயம் மிக மென்மையானது. அதனால் எனக்குப் பழைய இரண்டாண்டுக் கணக்கே பிடித்திருந்தது. நான்காண்டில் சாக்லேட்டும் நாவல்பழமும் பெருகிவிட்டன, ஆரஞ்சு வாசனை பின்னால் போய்விட்டது. நண்பர்கள் பலர் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள்.

சரக்கு சரியில்லாததை மறைக்கத்தான் ஃபினிஷ் செய்கிறார்கள் என்கிறார்களே?

சில சமயம் உண்மைதான். நாலைந்து தடவை பயன்படுத்திச் சக்கையான பீப்பாயில் பத்து ஆண்டு கிடந்து எதுவும் ஏறாத விஸ்கியைக் கடைசி ஆறு மாதம் பி.எக்ஸ். பீப்பாயில் போட்டால் நிறமும் இனிப்பும் வந்துவிடும். சாயம் போன சேலைக்குச் சரிகை வைப்பது போல. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முகரும்போது உலர் திராட்சை அமர்க்களமாக இருக்கும். நாக்கில் பட்டதும் இனிப்பு முதலில் வரும், நடுவில் ஒன்றுமே இருக்காது, கடைசியில் பச்சைச் சாராயக் காரமும் மரத் துவர்ப்பும் தனித்தனியாக நிற்கும். ஒட்டவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு சோதனையும் உண்டு. கிளாஸைக் காலி செய்துவிட்டுக் கழுவாமல் வைத்து, மறுநாள் காலை முகருங்கள். மேலே பூசிய ஒயின் வாசனை போயிருக்கும். நல்ல விஸ்கியாக இருந்தால் தேனும் தானியமும் புகையும் அடியில் காய்ந்து கிடக்கும். சுமாரானதில் வெறும் அட்டைப்பெட்டி வாசனை.

புகை மணக்கும் ஐலா தீவு (ஸ்காட்லாந்து) விஸ்கிக்கு இது ஒத்துப்போகுமா?

போகும், ஆனால் சண்டை போட்டுவிட்டுத்தான் சேரும். ஐலாவின் லகவூலின் வடிசாலை விற்கும் 'டிஸ்டில்லர்ஸ் எடிஷன்' பி.எக்ஸ். பீப்பாயில் முடித்தது. மால்ட்டை உலர்த்த எரிக்கும் பீட் கரியின் புகையும் கருப்பட்டியும் சேர்ந்து, சுட்ட கத்தரிக்காயில் வெல்லம் தொட்ட மாதிரி விசித்திரமாக இருக்கும், நன்றாகவும் இருக்கும். அதே டிஸ்டில்லர்ஸ் எடிஷன் வரிசையில், ஐலாவைச் சேராத டாலிஸ்கரை அமொரோசோ என்ற இனிப்பூட்டிய ஷெர்ரியிலும், ஓபனை மோன்டியா ஃபினோவிலும், கிரகன்மோரைப் போர்ட்டிலும் முடிப்பார்கள். எந்த விஸ்கிக்கு எந்த ஒயின் என்று யோசித்து ஜோடி சேர்த்தது தெரியும்.

தொட்டுக்கொள்ள என்ன வைக்கலாம்?

மிளகு சிக்கனும் ஊறுகாயும் இன்றைக்கு வேண்டாம், நாக்கு மரத்துவிடும். உப்புக் குறைவாக வறுத்த முந்திரி, கடலை மிட்டாய், கசப்புச் சாக்லேட். போர்ட் ஃபினிஷுக்கு நன்கு பழுத்த பாலாடைக்கட்டி கிடைத்தால் யோகம்.

முதல் முறை வாங்குகிறேன். எதை வாங்க?

ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள், அல்லது நண்பரோடு பங்கு போடுங்கள். ஒரே வடிசாலையின் ஃபினிஷ் செய்யாத விஸ்கியும் செய்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கிளென்மோரஞ்சி ஒரிஜினலும் கின்டா ரூபனும் இதற்கு எளிதான ஜோடி. செலவு செய்ய மனமிருந்தால் லகவூலின் 16-உம் அதன் டிஸ்டில்லர்ஸ் எடிஷனும். சாதாரணத்தை முதலில் குடியுங்கள். அந்த முகத்தை மனதில் பதித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனால், இரண்டாவது பீப்பாய் எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று புத்தகம் இல்லாமலே புரியும். தனியாக ஒரு ஃபினிஷை மட்டும் குடித்து இதைக் கற்றுக்கொள்வது கஷ்டம். நான் அப்படித்தான் இரண்டு வருடம் வீணாக்கினேன்.

திறந்த பாட்டில் எவ்வளவு நாள் தாங்கும்?

பாதிக்கு மேல் இருந்தால் ஓராண்டு கவலையில்லை. கால்வாசிக்குக் கீழே போனால் இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள். ஃபினிஷ் செய்தவற்றில் பழ வாசனைதான் முதலில் கிளம்பிப் போகும். வெயில் படாத அலமாரி, அடுப்பிலிருந்து தள்ளி. ஒயினைப் போலப் படுக்கவைக்காதீர்கள், 46 சதவீதச் சாராயம் கார்க்கை அரித்துவிடும். எனக்கு ஒரு முறை கார்க் பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது. தேநீர் வடிகட்டி வைத்து வடித்துக் காலிப் பாட்டிலில் ஊற்றினேன். வடிகட்டியை எவ்வளவு தேய்த்தும் ஒரு வாரம் டீயில் ஷெர்ரி மணந்தது.